குட்டி வருவதற்கு முந்தைய பத்து நாள்

குட்டியைக் கூடையோடு வாசலில் இறக்கிய பிறகுதான் பல வீடுகளில் கேள்விகளே எழுகின்றன. எங்கே படுக்க வைப்பது? இரவில் அழுதால் யார் எழுந்திருப்பது? சாமி அறைக்குள் போனால் பாட்டி என்ன சொல்வார்? இந்தப் பேச்சு முடிவதற்குள் குட்டி ஹால் நடுவில் மூத்திரம் பெய்துவிடும். ஒருவர் அதட்டுவார், ஒருவர் கைதட்டுவார், இன்னொருவர் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார். தாயை விட்டுப் பிரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்த உயிர், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கும்.

இதைத் தவிர்க்கப் பத்து நாள் போதும். குட்டியைப் பார்த்தாயிற்று, பிடித்துப்போயிற்று, முடிவும் செய்தாயிற்று என்றாலும், "பத்து நாள் கழித்து வந்து தூக்கிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. விதி இல்லாவிட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை ஒரு குட்டி, கூடப்பிறந்ததின் காதைக் கடித்து, அது வீறிட்டு விலகும்போது கற்றுக்கொள்கிறது. 30 நாளிலேயே பிரித்துத் தூக்கி வந்தால் அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகும். மீதியைக் கற்றுத்தரும் வேலை உங்கள் பிள்ளைகளின் விரல்களுக்கு வந்துசேரும்.

வீட்டார் உட்கார்ந்து பேச வேண்டியது

ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உட்காருங்கள். பெரியவர்கள், பிள்ளைகள், யாரையும் விடாதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படும் நாய் 10 முதல் 14 ஆண்டுகள் வாழும். இன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் "நான் பார்த்துக்கறேன்ப்பா" என்று கெஞ்சுவாள். அவள் மனதார அப்படிச் சொல்கிறாள். ஆனால் நாய் கிழடு தட்டி, மாடிப்படி ஏற முடியாமல் நிற்கும்போது அவள் கல்லூரி முடித்து வேறு ஊரில் வேலையில் இருப்பாள். ஆகவே பொறுப்பு பெரியவர்கள் பெயரில்தான் எழுதப்பட வேண்டும், பிள்ளைகள் உதவலாம்.

காலை 6 மணிக்கு யார் வெளியே கூட்டிப்போவது, மலத்தை யார் அள்ளுவது, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் எங்கே விடுவது, திடீரென்று ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்ப நேர்ந்தால் யார் வீட்டில் இருப்பது என்பதையெல்லாம் ஆள் பெயரோடு முடிவு செய்யுங்கள். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்ற வீட்டில் கடைசியில் அம்மா ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நாய் வேண்டாம் என்று சொன்னவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

பாட்டி சாமி அறைக்குள் நாய் வரக்கூடாது என்றால் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாதாட ஒன்றுமில்லை. நிலைப்படியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு வைத்தால் முதல் வாரத்திலேயே குட்டி பழகிக்கொள்ளும். சமையலறைக்கும் இதே தடுப்பு போதும். எனக்குப் பாட்டியைப் பற்றி இருக்கும் கவலை வேறு. இரவில் கழிப்பறைக்குப் போகும் வயதானவரின் காலடியில் கருப்புக் குட்டி படுத்திருந்தால் தெரியாது. இடுப்பெலும்பு முறிவுக்கு ஒரு தடுமாற்றம் போதும். அவர் நடக்கும் வழியில் சின்ன இரவு விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். குட்டியின் படுக்கையை அந்த வழியிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

சைவச் சாப்பாடு மட்டுமே புழங்கும் வீடு என்றால் அதையும் இப்போதே மருத்துவரிடம் சொல்லி உணவு முறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தயிர்சாதத்தில் வளரும் குட்டிக்கு எலும்பு தேறாது. பசும்பாலும் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கிவிடும்.

அப்புறம் சொற்கள். ஒருவர் "வா" என்பார், அடுத்தவர் "கம்" என்பார், தாத்தா "இங்க வாடா ராஜா" என்பார். மூன்றும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. "வா", "உட்கார்", "விடு", "வேண்டாம்" என நான்கு சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். எந்த மொழியானாலும் சரி, வீட்டுக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும். சோபாவில் ஏறலாமா கூடாதா என்பதும் அப்படியே. அப்பா இல்லாதபோது ஏறலாம் என்ற சட்டத்தை எந்த நாயாலும் புரிந்துகொள்ள முடியாது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் யாரும் கேட்பதில்லை. அவருக்கு நாய் என்றால் பயமாக இருக்கலாம். சின்ன வயதில் கடி வாங்கியிருக்கலாம். குட்டி வந்த மறுநாள் அவர் வேலையை விட்டு நின்றால் குறை அவருடையது அல்ல. முன்கூட்டியே சொல்லி, அவர் வரும் நேரத்தில் குட்டி எந்த அறையில் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் பக்கத்து வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வளர்ப்பு நாயைக் குடியிருப்போர் சங்கம் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தத் தாளை நீட்டி ஆரம்பிக்கும் உறவு ஆயுளுக்கும் கசக்கும். "ராத்திரி முதல் ஒரு வாரம் கொஞ்சம் அழும், பொறுத்துக்கோங்க" என்று நேரில் போய்ச் சொன்னால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள்.

முழங்காலிட்டு ஒரு சுற்று

இரண்டாவது குட்டி வருவதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலிட்டு, கையை ஊன்றி, வீடு முழுக்கத் தவழ்ந்தேன். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தெரிவது நாம் பார்க்கும் வீடே அல்ல. அம்மாவின் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, எப்போதோ நழுவி உருண்ட இரத்த அழுத்த மாத்திரை ஒன்று கிடந்தது. பீரோவுக்குப் பின்னால் இரண்டு அந்துருண்டைகள், பாதி கரைந்து வெள்ளைப் பட்டாணி அளவில் இருந்தன. தையல் இயந்திரத்தைச் சுற்றி மூன்று குண்டூசி, ஒரு ஊக்கு. தொலைக்காட்சிக்குப் பின்னால் சுருண்டு தொங்கிய வயர்கள் சரியாக என் வாய் உயரத்தில் இருந்தன. சமையலறை மூலையில் எலிக்கு வைத்த கேக்கின் ஒரு துண்டை எறும்புகூடத் தொடவில்லை. நாங்கள் வைத்ததே மறந்துபோயிருந்தது.

இதில் எதையும் குட்டி விட்டுவைக்காது. உலகத்தை அது வாயால்தான் தெரிந்துகொள்கிறது. அதிலும் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் 4 முதல் 6 மாதம் வரை ஈறு நமநமக்க, கிடைத்ததையெல்லாம் கடிக்கும். செருப்பைக் கடித்தால் செருப்போடு போகும். அந்துருண்டையையோ எலி மருந்தையோ கடித்தால் அப்படிப் போகாது. எலி மருந்துகளில் சில வகை இரத்தம் உறைவதையே தடுத்துவிடும். நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் ஓடும். அதன் பிறகுதான் உள்ளுக்குள் இரத்தம் கசிவது வெளியே தெரியும். தின்றது என்று சந்தேகம் வந்தாலே, மருந்துப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. பூஜைக் கற்பூரம் நாய்க்கு நஞ்சு. பாயசத்துக்கு வாங்கிய உலர்திராட்சையும், பழமாகத் தின்னும் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு. ஆகவே புளிப்பானை தரையில் இருந்தால் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவையும் கூடாது. குழம்பில் ஊறிய சோறு மீந்துவிட்டது என்று நாய்க்கு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வெந்து கரைந்தாலும் வெங்காயம் வெங்காயம்தான். நாயின் சிவப்பணுக்களை அது சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் குத்தும். காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ பாதி உடைத்துக் கொடுத்து நாயைக் கொன்றவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்தில் அரளியும் ஊமத்தையும் இருந்தால் வேலி கட்டுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓட்டை வைத்துக் கட்டியிருந்தால் வலை அடியுங்கள். வாசல் கிரில் கேட்டின் கம்பி இடைவெளியை அளந்து பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். கீழ்ப்பகுதியில் ஓரடி உயரத்துக்குக் கோழி வலை வைத்துக் கட்டினால் செலவு அதிகம் ஆகாது. தெருநாய்களும் கேட்டுக்கு வெளியே வந்து மோப்பம் பிடிக்கும். அவற்றோடு பழகுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

சுவர் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயின் மேலிருந்து இறங்கி, சுவர் இடுக்கிலும் கதவு நிலைச் சந்திலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அங்கே பொரித்த குஞ்சுகள் மறுபடி நாயைத் தேடி வரும். நாயின் மேலிருக்கும் உண்ணியை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் தீராது என்பதற்குக் காரணம் இதுதான். நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுக்க உண்ணி உண்டு. அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா போன்ற காய்ச்சல்கள் உயிரைக் குடிக்கக்கூடியவை.

மணி

எங்கள் முதல் குட்டிக்கு மணி என்று பெயர். கழுத்தில் வெள்ளைத் திட்டோடு பழுப்பு நிறம். 7 வாரக் குட்டியைத் தூக்கி வந்து, ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் மறுநாளே தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனேன். அங்கிருந்த மின்கம்பத்தை முகர்ந்தது, குப்பைத்தொட்டி ஓரம் நக்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. அன்றிரவு வாந்தி, காலையில் இரத்தத்தோடு பேதி. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினோம். மூன்றாம் நாள் விடியற்காலை என் மடியில் உயிர் போயிற்று. பார்வோ என்றார் மருத்துவர். நான் செய்தது தவறு. அந்தத் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் 6 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோகும். அது இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் வடியும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்துவது பாதி கட்டிய சுவர். வெறிநோய்க்கான ஊசி 3 மாதத்தில். அடுத்த தவணைகளை மருத்துவர் எழுதித் தரும் அட்டைப்படி போடுங்கள். குடற்புழு மருந்துக்கும் அதே அட்டையில் இடம் இருக்கும். தவணை முடியும்வரை குட்டியின் கால் தெருவில் படக்கூடாது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் கூடாது. 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 14 வாரம் வரை பார்க்கும் முகங்களையும் கேட்கும் ஒலிகளையும் குட்டி "இது இயல்பு" என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு புதிதாக வருவதெல்லாம் அதற்குப் பயம். ஆகவே துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நில்லுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், தலைக்கவசம் போட்டவர், தாடி வைத்தவர், குக்கர் விசில், கோயில் மேளம் என எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்தபடியே பார்க்கட்டும், கேட்கட்டும்.

ஏற்கெனவே பார்வோவில் குட்டி இறந்த வீடு என்றால் பினாயில் ஊற்றிக் கழுவியதை நம்பாதீர்கள். அந்தக் கிருமி சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது. மாதக்கணக்கில் தரையிலும் மண்ணிலும் இருக்கும். வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அந்த வீட்டுக்கு, எல்லா ஊசியும் போட்டு முடித்த, கொஞ்சம் வளர்ந்த நாயைக் கொண்டுவருவதுதான் நல்லது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். இரண்டாவதாக வந்தது ஐந்து மாதக் குட்டி.

மருத்துவரையும் இந்தப் பத்து நாளுக்குள்ளேயே தேடிக்கொள்ளுங்கள். இரவில் திறந்திருப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை யார் என்று எண்களைக் குறித்து வையுங்கள். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேப்பேரியில் மருத்துவமனை உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் உண்டு. சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும். வெறிநோய் ஊசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது.

வெறிநோயைப் பற்றி இன்னொன்றும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போடாத குட்டி விளையாட்டாகக் கடித்தாலும், பல் பதிந்து தோல் கிழிந்தால் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் அப்பக்கூடாது. பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து மறைக்காத அளவுக்கு இதை இயல்பாகச் சொல்லி வையுங்கள்.

வாங்க வேண்டியவை

அதிகம் தேவையில்லை. கவிழாத கனமான கிண்ணம் இரண்டு. இரண்டு விரல் நுழையுமளவு தளர்த்திக் கட்டக்கூடிய துணிப் பெல்ட் ஒன்று, பிடிகயிறு ஒன்று. இரும்புச் சங்கிலி வேண்டாம். படுக்கைக்குப் பழைய போர்வையோ சாக்கோ போதும். விலை கொடுத்து வாங்கும் மெத்தையை எப்படியும் ஒரு மாதத்தில் பிய்த்துப் போடும். கடிக்கத் தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், நார் குடலில் சிக்கும். கெட்டியான ரப்பர் பொம்மை நல்லது. பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து வையுங்கள், நிறையச் செலவாகும். முன்பிருந்த வீட்டில் என்ன சாப்பிட்டதோ அதையே ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிவாருங்கள். மாற்றுவதைச் சிறிது சிறிதாக மாற்றலாம்.

வரும் நாளும் முதல் இரவும்

வெயில் ஏறாத காலை நேரத்தில் கூட்டிவாருங்கள். அன்றைக்கு உறவினர் யாரையும் அழைக்க வேண்டாம். கிளம்பும்போது ஒரு பழந்துணியைத் தாயின் மேல் தேய்த்துக் கையோடு எடுத்துவாருங்கள். அந்த வாசனை அன்றிரவுக்கு வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன்பே, அது ஒன்றுக்குப் போக நீங்கள் குறித்துவைத்த இடத்தில், உங்கள் சுற்றுச்சுவருக்குள்ளேயோ பால்கனிச் செய்தித்தாளிலோ, இறக்கிவிட்டுக் காத்திருங்கள். போனதும் மெல்லிய குரலில் பாராட்டுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். உள்ளே பெய்துவிட்டால் சத்தமில்லாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் பழக்கம் கொடுமையானது. அதனால் நாய் கற்றுக்கொள்வது உங்கள் கண்ணில் படாமல் பெய்ய வேண்டும் என்பதை மட்டும்தான்.

3 மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. அது சாப்பிடும்போது பிள்ளைகள் கிண்ணத்தில் கை வைக்கக்கூடாது. தூங்குவதை எழுப்பக்கூடாது. குட்டிகள் பகலில் பெரும்பகுதி தூங்கும், அது நோயல்ல.

இரவில் அழும். அழத்தான் செய்யும், பிறந்ததிலிருந்து ஐந்தாறு உடம்புகளின் சூட்டில் ஒட்டிப் படுத்த உயிர் அது. மாடிப்படிக்கு அடியில் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். பக்கம் உயர்ந்த அட்டைப் பெட்டியில் தாய் வாசனைத் துணியை விரித்து, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டால் தொடுமளவில் வையுங்கள். குளிர்காலம் என்றால் தண்ணீர்ப் புட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, துண்டில் சுற்றி உள்ளே வைக்கலாம். எங்கள் வீட்டில் அந்த முதல் இரவு நான் விரல்களைப் பெட்டிக்குள் விட்டபடியே தூங்கிப்போனேன். நடுவில் விழித்துப் பார்த்தபோது குட்டி என் சுண்டுவிரலின் மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கை மரத்துப்போயிருந்தது, எடுக்க மனமில்லை.

படுக்கும் முன் ஒருமுறை வெளியே விடுங்கள். பிறகு 2 மணிக்கு அலாரம் வையுங்கள். அதன் வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்பது உத்தேசமாகத் தெரியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அவ்வளவுதான். அலாரம் அடித்ததும் பெரிய விளக்கைப் போடாமல், பேசாமல், விளையாட்டுக் காட்டாமல் தூக்கிக்கொண்டு போய் அதே இடத்தில் விடுங்கள். அரைத் தூக்கத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு உட்காரும். முடிந்ததும் தலையை ஒருமுறை வருடி, திரும்பத் தூக்கிவந்து பெட்டியில் விட்டுவிட்டு, அடுத்த அலாரத்தை 5 மணிக்கு வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.